பூட்டை உடைத்து எடுத்த நகல்

என் பெயர், தந்தை பெயர், வீட்டு முகவரி மூன்றும் முதல் தாளில் உள்ளபடி சரி. வயது நாற்பத்தொன்று. கணவருடனும் மகளுடனும் வசிக்கிறேன். சிறு நிறுவனங்களின் கணினிகளையும் மின்னஞ்சலையும் பராமரிப்பது என் தொழில். வாடிக்கையாளர்கள் என்னை மெயிலம்மா என்று கூப்பிடுவார்கள். பிடிபட்டபோது பதற்றத்தில் அந்தப் பெயரையே சொல்லிவிட்டேன். ஆகவே காவல் நிலையத்தின் பதிவில் மெயிலம்மா என்று ஏறியிருப்பது நான்தான். என் மீது இதற்கு முன் எந்த வழக்கும் இல்லை. இந்த வாக்குமூலத்தை எவருடைய வற்புறுத்தலும் இல்லாமல், நாற்காலியில் உட்கார்ந்து, மின்விசிறிக்குக் கீழே சொல்கிறேன்.

சம்பவம் நடந்த இடம் செயற்கைக் கால் செய்யும் ஒரு பட்டறை. அதை நடத்துபவரை நான் அக்கா என்று அழைப்பேன். எனக்கு உறவு இல்லை. அவருடைய வலது காலும் முழங்காலுக்குக் கீழே அந்தப் பட்டறையில் செய்ததுதான். நான் வேலை பார்த்த பெரிய நிறுவனம் ஆட்களைக் குறைத்தபோது நானும் வெளியே வந்தேன். அதன் பிறகு தனியாகத் தொழில் தொடங்கி, படியேறிய இடமெல்லாம் பார்க்கலாம் என்ற பதிலையே வாங்கிக்கொண்டிருந்த நாட்களில், முதலில் என்னை நம்பித் தன் கணினியைத் திறந்துவிட்டவர் அவர்தான். அந்த நன்றி எனக்கு உண்டு. பூட்டை உடைத்ததற்கு அதுவும் ஒரு காரணமா என்று அதிகாரி கேட்டார். இருக்கலாம் என்று சொன்னேன்.

பட்டறையின் முன்பக்கம் நடை பழகுவதற்கு இரண்டு பக்கமும் கம்பி வைத்த கூடம். அதற்கு அடுத்து மாவுக்கட்டு அச்சுகளை வைக்கும் அறை. பின்னால் கால் செய்யும் இடம். மாடிப்படிக்குக் கீழே, ஆள் குனிந்து நுழையும் உயரத்தில், ஜன்னல் என்று சொல்லத்தக்க ஒரு சிறு திறப்போடு ஓர் அறை உண்டு. மின்னஞ்சல் சர்வர் அங்கேதான் இருந்தது. கால் இழந்தவர்களின் படங்களும் அளவுகளும் முன்பின் தெரியாதவர்களின் கணினியில் கிடக்கக் கூடாது என்பது அக்காவின் பிடிவாதம் என்பதால் சொந்த சர்வர் வைத்திருந்தார்.

பேக்கப் என்றால் என்ன என்று அதிகாரி கேட்டதால் சொல்கிறேன். சர்வர் என்பது நிறுத்தாமல் ஓடும் ஒரு கணினி. பட்டறைக்கு வரும் கடிதம், போகும் கடிதம், கூடவே வரும் படங்கள் எல்லாம் அதில் டேட்டாபேஸ் என்ற ஒரே பெரிய கோப்பில் சேரும். அந்தக் கோப்பை நகல் எடுத்து வேறு இடத்தில் வைப்பதுதான் பேக்கப். கடிதங்கள் வந்துகொண்டிருக்கும்போதே நகல் எடுத்தால், எழுதிக்கொண்டிருப்பவரின் கையிலிருந்து தாளை உருவியது போலப் பாதியில் நிற்கும். நகல் என்று ஒன்று இருக்கும், திறக்கத்தான் திறக்காது. ஆகவே முதலில் மெயிலை நிறுத்த வேண்டும். அதன் பிறகு நகல் எடுக்க வேண்டும். அதன் பிறகு அந்த நகலைத் திறந்து படித்துப் பார்க்க வேண்டும். அதற்கும் பிறகுதான் மெயிலை மறுபடி ஓட விட வேண்டும். வாரம் ஒரு முறை இதைச் செய்வேன். மற்ற முதலாளிகள் மெயில் நிற்கும் நேரம் முழுக்க என் உயிரை எடுப்பார்கள். அக்கா மட்டும், காலுக்கு அச்சு எடுக்கும்போது ஆள் ஆடாமல் நிற்க வேண்டும் அல்லவா, அதைப் போலத்தானே இதுவும் என்று சொல்லி, தானே எல்லாரிடமும் மெயில் நிற்கப்போகிறது என்று அறிவித்துவிடுவார்.

சம்பவத்துக்கு முன்னால் அக்காவின் ஆட்கள் தொலைவில் உள்ள ஊர்களுக்குப் போய் முகாம் நடத்தினார்கள். கால் இழந்தவர்களுக்கு மாவுக்கட்டில் அச்சு எடுத்து, வண்டியில் வைக்கோலுக்கு நடுவே அடுக்கிக் கொண்டுவந்தார்கள். அச்சு ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஓர் எண் மட்டுமே இருக்கும். அந்த எண் யாருடையது, அவர் எந்த ஊர், எவ்வளவு உயரம், தழும்பில் எந்த இடத்தைத் தொட்டால் வலிக்கிறது என்பதெல்லாம் முகாமிலிருந்தே மெயிலில் அனுப்பப்பட்டவை. அனுப்பியவர்களிடம் பிரதி இருக்காது. அக்காவின் விதிப்படி கைபேசியில் எதுவும் தங்குவதில்லை. அதாவது சர்வர் போனால், அலமாரி நிறைய யாருடையவை என்று தெரியாத கால்கள் நிற்கும். முகாமில் அலைந்த ஆட்களுக்கு அக்கா விடுமுறை கொடுத்திருந்தார். பட்டறை பூட்டியிருந்தது. வாரத்து நகலுக்கான நாள் வருவதற்குள் சம்பவ நாள் முந்திக்கொண்டது.

அன்று காலை வீட்டில் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது சர்வரிலிருந்து என் கைபேசிக்கு எச்சரிக்கை வந்தது. டிஸ்க்கில் படிக்க முடியாத இடங்கள் பெருகிக்கொண்டே போயின. ஒரு பின்னலை முடித்து, மறு பின்னலைக் கணவரிடம் ஒப்படைத்துவிட்டு, வீட்டிலிருந்தபடியே மெயிலை நிறுத்தினேன். அதன் பிறகு இணைய வழியாகவே நகலை இழுக்க முயன்றேன். அது ஊர்ந்தது. அதன் பிறகு இணைப்பே அறுந்துபோனது. மின்வாரியத்துக்குப் பேசியதில், கம்பி பழுதுபார்ப்பதற்காக அந்தத் தெருவுக்கு மாலை வரை மின்சாரம் இல்லை என்று தெரிந்தது. அப்படியானால் சர்வர் யூ.பி.எஸ். பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பேட்டரி தீர்ந்தால் நின்றுவிடும். ஆண்டுக்கணக்கில் சுழன்ற பழைய டிஸ்க் அந்த நிலையில் ஒரு முறை நின்றால், மறுபடி சுழலும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது.

அதன் பிறகு அக்காவை அழைத்தேன். கைபேசி அணைந்திருந்தது. அவருடைய தாயாருக்கு வெளியூரில் அறுவைச் சிகிச்சை என்று முன்பே சொல்லியிருந்தார். அதன் பிறகு பட்டறையில் அச்சு எடுப்பவரை அழைத்தேன். அவரை எல்லாரும் அச்சு அண்ணன் என்போம். சாவி அவரிடம்தான் இருந்தது, அவரோ மாமனார் ஊருக்குப் போகும் பேருந்தில் இருந்தார். பூட்டை உடைக்கட்டுமா என்று கேட்டேன்.

"அக்காவ கேக்காம நான் சரின்னு சொல்ல முடியாதும்மா. வேணாம்னு சொல்லவும் எனக்கு வாய் வரல" என்றார்.

ஆகவே எனக்கு எவரும் அனுமதி தரவில்லை. இதை அழுத்தமாகக் குறித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்கூட்டரில் போகும் வழியில், தெரிந்த இரும்புக்கடையில் நிறுத்தி ஒரு சிறிய கடப்பாரை கேட்டேன். எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். பூட்டு உடைக்க என்றேன். அவர் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். நான் வேடிக்கை பேசுவதாக அவர் நினைத்துக்கொண்டார் என்பதால், அவரை இந்த விவகாரத்தில் இழுக்க வேண்டாம்.

பட்டறைக்குப் போனதும் பின்கதவின் பூட்டை நெம்பினேன். பூட்டு உடைந்தது, அது மாட்டியிருந்த கொண்டியும் பெயர்ந்து வந்தது. உள்ளே யூ.பி.எஸ். விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் மகிழ்ந்தது அதுவே முதல் முறை. சர்வர் உயிரோடு இருந்தது. குனிந்து உள்ளே போய், கொண்டுபோன வெளி டிஸ்க்கைச் செருகி, நகலைத் தொடங்கினேன். அவசரத்தில் கடவுச்சொல்லைத் தவறாக அடித்து, மறுபடி அடித்தேன். டிஸ்க் சில இடங்களைச் சுலபமாகப் படித்தது, சில இடங்களில் கரகரவென்று முனகிக்கொண்டு நின்று, திரும்பத் திரும்ப முயன்று, அதற்குப் பிறகே நகர்ந்தது. ஒரே கோப்பு என்பதால் பாதி வந்தால் பாதிக் கடிதம் கிடைக்கும் என்ற கணக்கு இதில் இல்லை. இடையில் நின்றால் ஒன்றுமே திறக்காமல் போகலாம்.

பட்டறைக்கு அடுத்த கட்டடத்தில் ஒரு மெத்தைக்கடை அண்மையில்தான் திறந்திருந்தார்கள். அந்தக் கடைக்காரருக்கு என்னைத் தெரியாது. நான் கடப்பாரையோடு பின்பக்கம் போனதைப் பார்த்துவிட்டு அவர் நிலையத்துக்குப் பேசியிருக்கிறார். அவர் செய்தது சரி. நான் அந்த இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அதன் பிறகு ஒரு பெண் காவலர் வந்தார். கூட வந்த ஓட்டுநர் வாகனத்திலேயே இருந்தார். பெண் காவலருக்குப் பின்னால் மெத்தைக்கடைக்காரர் நின்றார், கையில் மெத்தை தைக்கும் நீளமான ஊசி இருந்தது. எழுந்து வெளியே வரும்படி காவலர் சொன்னார். எழுந்த வேகத்தில் படியின் அடிப்பாகத்தில் தலை இடித்துக்கொண்டேன். பெயர் கேட்டார், மெயிலம்மா என்றேன். யார் அனுமதித்தார்கள் என்று கேட்டார், எவரும் இல்லை என்றேன். இயந்திரத்தை நிறுத்திவிட்டு வண்டியில் ஏறும்படி சொன்னார்.

நிறுத்த முடியாது என்று சொன்னேன். அப்படிச் சொன்னது கீழ்ப்படியாமை என்று தெரிந்தே சொன்னேன். ஏன் என்று கேட்டார். எனக்கு டேட்டாபேஸ், டிஸ்க் என்று ஆரம்பிக்கத் தோன்றவில்லை. அடுத்த அறையைக் கையால் காட்டினேன். அவர் போய்ப் பார்த்தார். சுவரின் உயரத்துக்கு அலமாரி, அதில் தட்டுத் தட்டாக வெள்ளைக் கால்கள். பெரியவை, ஒல்லியானவை, குழந்தைகளுடையவை. அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தார். அந்தக் கால்கள் யாருடையவை என்ற விவரம் இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது, இது நின்றால் போய்விடும் என்று மட்டும் சொன்னேன். எவ்வளவு நேரமாகும் என்றார். தெரியாது என்றேன். பொய் சொல்லி ஒரு நேரத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த டிஸ்க் அன்று எனக்கே எதுவும் சொல்லவில்லை.

அவர் நிலையத்துக்குப் பேசினார். ஆளை உடனே கொண்டுவரும்படி சொன்னது எனக்கும் கேட்டது. "கொண்டுவரேன் ஐயா, கொஞ்சம் தாமதமாகும்" என்று சொல்லி வைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"உங்களப் பிடிச்சாச்சு. பிடிச்ச ஆளு என் கண்ணு முன்னாடி இருக்கணும், அவ்வளவுதான். எங்க உக்காந்திருந்தா என்ன? வேலையப் பாருங்க."

அந்த நேரம் முதல் நிலையத்துக்கு வரும்வரை நான் அவர் பார்வையை விட்டு ஓர் அடியும் நகரவில்லை. அவர் தம் கடமையில் எள்ளளவும் தவறவில்லை என்று இங்கே பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். மின்சாரம் இல்லாத அந்த அறையில் எனக்குக் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவரும் அவர்தான். கை வலித்தபோது மறு கைக்கு மாற்றிக்கொண்டார், விளக்கை மட்டும் இறக்கவில்லை. நடுவில் தண்ணீர் குடிக்கச் சொல்லித் தம் பாட்டிலை நீட்டினார். நான் குடித்ததும்தான் காலையிலிருந்து எதுவும் குடிக்கவில்லை என்பது எனக்கு உறைத்தது.

அதன் பிறகு யூ.பி.எஸ். விட்டுவிட்டுக் கத்துவதை நிறுத்தி, இடைவிடாமல் கத்தத் தொடங்கியது. அதற்கு என்ன பொருள் என்று காவலர் கேட்டார். பேட்டரி முடியப்போகிறது என்றேன். அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை என்பதால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மெத்தைக்கடைக்காரர் அதுவரை வாசற்படியிலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பிப் போனார். சிறிது நேரத்தில் அவருடைய கடையில் ஓடிக்கொண்டிருந்த தையல் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக அடங்குவது கேட்டது. ஜெனரேட்டர் மட்டும் ஓடியது. அதன் பிறகு சிறு திறப்பு வழியாக ஒரு வயரின் முனை உள்ளே வந்தது, அதன் பின்னால் அவருடைய முகம் வந்தது.

"பிடிங்க. திருட வந்த யாரும் போலீசப் பாத்தப்புறம் வேலைய முடிச்சுட்டு வரேன்னு கெஞ்ச மாட்டாங்க" என்றார்.

யூ.பி.எஸ்.ஸின் ப்ளக்கை எடுத்து அந்த வயரில் செருகினேன். கத்தல் நின்றது. அவருடைய வேலையாட்கள் விற்பனைக்கு வைத்திருந்த மெத்தைகளின் மேல் சும்மா உட்கார்ந்திருந்ததாகப் பிறகு அவரே சொன்னார். ஜெனரேட்டர் இரண்டையும் தாங்காது என்பதால் தன் வேலையை நிறுத்தியிருக்கிறார். தெரியாத ஒருத்திக்காக, அதுவும் தானே பிடித்துக் கொடுத்த ஒருத்திக்காக நிறுத்தியிருக்கிறார். பெண் காவலர் அந்த வயரில் எவரும் இடறிவிடாமல் இருக்க அதன் மேல் நாற்காலியைக் கவிழ்த்து வைத்தார்.

நகல் ஓடிக்கொண்டிருந்தபோது அக்காவின் அழைப்பு வந்தது. தாயாருக்கு அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததாகச் சொல்லிவிட்டு, ஏன் இத்தனை முறை அழைத்திருக்கிறாய் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பெண் காவலர் கைபேசியை வாங்கி, தாம் யார் என்று சொல்லி, பூட்டை உடைக்க இவருக்கு நீங்கள் அனுமதி கொடுத்தீர்களா என்று கேட்டார். அக்கா ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு எல்லாம் லேசாகியிருக்கும். ஆனால் அவர் உண்மையைத்தான் சொன்னார்.

"நான் குடுக்கல. கேட்டிருந்தா குடுத்திருப்பேன். அவ அங்க இருக்கறது எனக்கு நிம்மதிதான். அவள ஒண்ணும் சொல்லாதீங்க, முதல்ல அவ வேலைய முடிக்கட்டும்" என்றார்.

கைபேசியைத் திரும்ப வாங்கியபோது எனக்குக் கண் கலங்கியது. திரையில் எழுத்து தெரியாததால் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன்.

மதியம் கடந்த பிறகு நகல் முடிந்தது. முடிந்துவிட்டது, கிளம்பலாம் என்று காவலர் சொன்னார். இன்னும் திறந்து பார்க்கவில்லை என்றேன். எனக்கு எதிரில் இருப்பவரின் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு என்று தெரியும். ஆனால் திறந்து பார்க்காத நகலை நான் நகல் என்று சொல்வதில்லை. என் மடிக்கணினியில் அதை இணைத்துச் சரிபார்த்தேன். பழுது எதுவும் காட்டவில்லை. அதன் பிறகு, அடுத்த அறையிலிருந்து ஏதாவது ஓர் அச்சின் எண்ணைச் சொல்லும்படி காவலரைக் கேட்டேன். அவர் போய், கீழ்த்தட்டிலிருந்து ஒரு சிறிய காலை எடுத்து வந்து, பென்சில் எழுத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து எண்ணை வாசித்தார். நான் தேடினேன். கடிதம் வந்தது. பெண் குழந்தை, இடது கால், முழங்காலுக்குக் கீழே. வளர்கிற வயது, ஆகவே கால் பொருந்தும் குழியை மாற்றத் தக்கபடி செய்யவும் என்று எழுதியிருந்தது. கூட ஒரு படம் இருந்தது. குழந்தை படம் எடுப்பவரைப் பார்க்காமல், பக்கத்தில் நின்ற எவரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. காவலர் அந்தப் படத்தையும் கையிலிருந்த அச்சையும் மாறிமாறிப் பார்த்தார். அச்சை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு போய், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார்.

அதன் பிறகு சர்வரை நிறுத்தினேன். வெளி டிஸ்க்கைக் காவலரிடமே ஒப்படைத்தேன். மெத்தைக்கடைக்காரர் பெயர்ந்த கொண்டியைத் திருகாணி வைத்து இறுக்கி, தம் கடைப் பூட்டைப் போட்டு, சாவியைக் காவலரிடம் கொடுத்தார். வாகனத்தில் ஏறினேன். எனக்கு விலங்கு எதுவும் போடவில்லை. நிலையத்தில் அதிகாரி, தாமதத்துக்காக முதலில் காவலரைக் கடிந்துகொண்டார், பிறகு என்னைக் கடிந்துகொண்டார். இரண்டிலும் நியாயம் இருந்தது. அதற்குப் பிறகுதான், நடந்தது என்ன என்று கேட்டார். நான் சொல்லி முடித்ததும், தம் மேசைக் கணினியை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, எங்களுக்கு இப்படி எவராவது எடுத்து வைக்கிறார்களா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

மாலையில் அக்கா நேராக நிலையத்துக்கே வந்தார். பயணத்தில் கால் வீங்கி, செயற்கைக் கால் இறுக்கியிருந்ததால் ஒவ்வோர் அடியாகத்தான் வைத்தார். பூட்டு தன்னுடையது, தனக்கு ஒரு நட்டமும் இல்லை, புகாரும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். மெத்தைக்கடைக்காரரும் வந்து தம் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வெளி டிஸ்க்கையும் சாவியையும் அக்காவிடம் கொடுத்து, என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். விசாரணையை முறைப்படி முடிக்க என் வாக்குமூலம் தேவை என்பதால் இன்று வந்திருக்கிறேன்.

அதன் பிறகு நடந்தவற்றையும் சொல்லும்படி அதிகாரி கேட்டார். பழைய சர்வரை மின்சாரம் வந்ததும் போட்டுப் பார்த்தேன். டிஸ்க் சுழலவில்லை. ஒரு முறை டக்கென்றது, அவ்வளவுதான். வேறொரு கணினியில் நகலை ஏற்றினேன். எல்லாக் கடிதங்களும் வந்தன. ஆட்கள் விடுமுறை முடிந்து வந்து வேலையைத் தொடங்கினார்கள். அச்சு அண்ணன் பட்டறைச் சாவிக்கு ஒரு மாற்றுச் சாவி செய்து என் கையில் வைத்தார்.

அந்த அளவுகளைக் கொண்டு செய்த முதல் கால் ஒரு தையல்காரப் பெண்மணிக்கு. நேற்று அவர் கால் மாட்ட வந்திருந்தார். அக்கா என்னையும் வரச் சொல்லியிருந்தார். அந்த அம்மாளுக்கு நடந்தது எதுவும் தெரியாது. கம்பிகளைப் பிடித்துக்கொண்டு கூடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தார், திரும்பி வந்தார், உட்கார்ந்து காலைக் கீழும் மேலும் அழுத்திப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"குதிகால் உயரமா இருக்கு. மெஷின் மிதிக்க இது சரிப்படாது. இத்தன பேரு சேந்து இதக்கூட சரியா செய்ய மாட்டீங்களா?" என்றார்.

அச்சு அண்ணன் தலையைச் சொறிந்தார். அக்கா சிரித்துவிட்டார். அந்த அம்மாள் ஏன் சிரிக்கிறீர்கள் என்று மேலும் கோபித்துக்கொண்டார். ஒருவர் தன் காலைப் பற்றி இத்தனை உரிமையோடு குறை சொல்வதை நான் அதுவரை பக்கத்தில் நின்று கேட்டதில்லை. எனக்கு வயிறு நிறைந்துபோனது. திருத்தத்தை அக்கா உடனே மெயிலில் எழுதிப் பட்டறை ஆட்களுக்கு அனுப்பினார். அதை அனுப்பி முடிக்கும்வரை காத்திருந்து, மெயிலை நிறுத்தி, நகல் எடுத்து, திறந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

இவற்றைத் தவிர நான் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை. பெண் காவலருக்கும், மெத்தைக்கடைக்காரருக்கும், உண்மையைச் சொன்ன அக்காவுக்கும், இத்தனையையும் நிறுத்தாமல் எழுதிக்கொண்ட அதிகாரிக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், நான் கேட்டேன். அதில் "பின்கதவின் பூட்டு உடைக்கப்பட்டிருந்தது" என்று ஓரிடத்தில் இருந்ததை, "பின்கதவின் பூட்டை நான் உடைத்தேன்" என்று மாற்றும்படி சொன்னேன். அதிகாரி, அப்படி எழுத வேண்டுமா, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசித்தேன், அப்படியே எழுதச் சொன்னேன். திருத்தினார். இப்போது இதில் உள்ளவை எல்லாம் நான் சொன்னவை, நடந்தவை.

(ஒப்பம்)